இருந்தா எடுத்துக்கோ, இல்லாட்டி விட்டுடு

2016-ல் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தேன். உள்ளங்கை அளவு ஏ.ஆர்.எம். போர்டு, அதில் லினக்ஸ், அதிலிருந்து சென்சார் அளவுகளைச் சர்வருக்கு அனுப்ப கர்ல். அந்த போர்டிலேயே கம்பைல் செய்ய உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் என் லேப்டாப்பிலேயே கம்பைல் செய்து, கிடைத்த பைனரியை போர்டில் கொண்டுபோய் வைப்போம். இதுதான் க்ராஸ் கம்பைல்.

நான் கர்லை முதலில் கம்பைல் செய்துவிட்டேன், ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பிறகு. வரிசை மாறிவிட்டது, அவ்வளவுதான். கர்ல் தேடியபோது போர்டுக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் அங்கே இல்லை. ‘எஸ்எஸ்எல் கிடைக்கவில்லை, எச்டிடிபிஎஸ் வேலை செய்யாது’ என்று ஒரு எச்சரிக்கையைப் போட்டுவிட்டு அது தன் பாட்டுக்கு மேலே போய்விட்டது. திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடுகின்றன. யார் படிக்கிறார்கள்? கூட வேலை பார்த்த ஒருவர் நல்லெண்ணத்தில், எச்டிடிபிஎஸ் தோற்றால் எச்டிடிபியில் அனுப்பும்படி ஸ்க்ரிப்டில் எழுதி வைத்திருந்தார். பதினோரு நாள் எங்கள் ஏழு போர்டுகளும் பாஸ்வேர்டைப் பூட்டாத பையில் போட்டு ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தன. எல்லாம் ‘வேலை செய்தது’.

கண்டுபிடித்தது எங்கள் சீனியர் அண்ணன். போர்டில் கர்லின் வெர்ஷனைக் கேட்டுப் பார்த்தார். ஆதரிக்கும் புரோட்டோகால்களின் பட்டியலில் எச்டிடிபிஎஸ் இல்லை. “தம்பி, கன்ஃபிகர் லாகை முழுசாப் படிச்சியா?” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

எரர் கொடுத்து நின்றிருக்க வேண்டிய ஒரு இடத்தில் அது ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. பதிலைத் தேடினால், நான் பிறப்பதற்கு முந்தைய யூனிக்ஸ் காலத்துக்குப் போக வேண்டியிருந்தது.

எண்பதுகளில் யூனிக்ஸ் என்பது ஒன்றல்ல. ஒவ்வொரு கம்பெனியும் ஒரு யூனிக்ஸ் விற்றது. ஒன்றில் இருக்கும் ஃபங்ஷன் இன்னொன்றில் இருக்காது, இருந்தாலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சோர்ஸ் கோடை வாங்கியவர் மேக்ஃபைலைத் திறந்து, தன் மெஷினுக்கு ஏற்றபடி கையால் திருத்த வேண்டும். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால், 1984-ல் ஆர்என் என்ற நியூஸ் ரீடரை வெளியிட்டபோது அதோடு கன்ஃபிகர் என்றொரு ஸ்க்ரிப்ட்டையும் கொடுத்தார். அது மெஷினைத் தானே நோண்டிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் உட்கார்ந்திருப்பவரைக் கேட்கும். நடுநடுவே கிண்டல் வேறு அடிக்கும். விஎம்எஸ் மேல் ஓடிய யூனிஸ் என்ற யூனிக்ஸ் போலியில் நீங்கள் இல்லையென்றால், அதற்காக உங்களுக்கு வாழ்த்துச் சொல்லும்! பெர்லோடு வரும் கன்ஃபிகர் இன்றைக்கும் அந்த வம்சம்தான்.

கேள்வி கேட்டால் மனுஷன் பதில் சொல்ல வேண்டுமே. 1991 ஜூனில் டேவிட் மெக்கன்சி, ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்காக குனு கருவிகள் பலவற்றைப் பராமரித்து வந்தார். பயனர் மேக்ஃபைலில் தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்புகள் இருபதைத் தொட்டிருந்தன. ஒவ்வொரு வெளியீட்டையும் பல மெஷின்களில் சோதித்து அலுத்துப்போன அவர், சரியான அமைப்பை ஊகிக்க ஒரு குட்டி ஷெல் ஸ்க்ரிப்ட் எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆட்டோகான்ஃப். நீ எந்த யூனிக்ஸ் என்று அது பெயரைக் கேட்காது. உன்னிடம் இந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று ஒரு துண்டு நிரலை எழுதி, கம்பைல் செய்து பார்க்கும். ஆனால் ஓம், ஆகாவிட்டால் இல்லை. யாரையும் எதுவும் கேட்காது.

நான் இதை அழகான யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஜாதகம் பார்க்காமல் ஆளைப் பார்ப்பது மாதிரி.

லைப்ரரிகளுக்கும் இதே மரியாதை நீட்டிக்கப்பட்டது. ரீட்லைன் இருக்கிறதா, சேர்த்துக்கொள். பிஎன்ஜி இல்லையா, படம் காட்டும் வசதியை மட்டும் விட்டுவிடு, மீதியைக் கட்டு. இருந்தா எடுத்துக்கோ, இல்லாட்டி விட்டுடு. எந்த மெஷினிலும் எப்படியாவது ஓடிவிட வேண்டும் என்ற காலத்தில் அது பெருந்தன்மை.

அந்தப் பெருந்தன்மைக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருந்தது. கட்டுகிற மெஷினும் ஓடுகிற மெஷினும் ஒன்றே என்பது. க்ராஸ் கம்பைலில் அது பொய். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அத்தை வீட்டில் கடுகு இருக்கு என்று சொல்வது போல ஆகிவிடும்.

ஆட்டோகான்ஃப் காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கட்டும் மெஷின், ஓடும் மெஷின், கம்பைலரையே கட்டுவதென்றால் அந்தக் கம்பைலர் யாருக்காகக் கோடு உருவாக்கும் என்ற மூன்றாவது மெஷின் என்று தெளிவாகவே பிரித்து வைத்தார்கள். மூன்றும் வேறு வேறாக இருந்தால் அதற்குப் பெயர் கனேடியன் க்ராஸ். பெயர் வைத்த காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தனவாம்!

கம்பைல் செய்து பார்க்கும் சோதனை எங்கேயும் செல்லும். ஓட்டிப் பார்க்கும் சோதனைதான் சிக்கல். ஏ.ஆர்.எம். பைனரியை என் இன்டெல் லேப்டாப் எப்படி ஓட்டும்? அப்போது கன்ஃபிகர் ஒன்று நின்றுவிடும், இல்லையென்றால் மோசமானதை ஊகிக்கும். பிரசித்தி பெற்ற உதாரணம் மேலாக். பூஜ்ஜியம் பைட் கேட்டால் மேலாக் வெறும் கையை விரிக்குமா, ஒரு முகவரி தருமா என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்ட முடியாததால் ‘கையை விரிக்கும்’ என்று வைத்துக்கொண்டு, மேலாக் என்ற பெயரையே ஆர்பிஎல்_மேலாக் என்று மாற்றிவிடும். அந்த மாற்று ஃபங்ஷனை நிரலாசிரியர் எழுதி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார். கடைசியில் லிங்கர், அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடும். பதிலை முன்கூட்டியே ஒரு வேரியபிளில் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம். இப்படிப்பட்ட பதில்களின் கோப்பு, பரீட்சை ஹாலில் பிட்டு போல, கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. என்னிடமும் ஒன்று இருந்தது.

ஒரு உண்மை சொல்கிறேன், லிங்கர் கத்தினால் அது நல்ல நாள். கெட்ட நாள் என்பது எதுவும் கத்தாத நாள்.

2003-ல் லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் லினக்ஸ் சோர்ஸ் வெளியே வந்தது. அதன்மேல் 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. ஆரம்பகால மாடல்களில் ஃப்ளாஷ் மெமரி வெறும் 4 எம்.பி. அதுவரை சிலருடைய கைத்தொழிலாக இருந்த க்ராஸ் கம்பைல், வீட்டு ரவுட்டரை நோண்டும் ஆட்களுக்கும் வந்து சேர்ந்தது. பில்ட்ரூட், பிறகு யாக்டோ என்று நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை வரிசையாகக் கட்டும் அமைப்புகள் வளர்ந்தன. அங்கேதான் ‘இருந்தா எடுத்துக்கோ’ பல்லைக் காட்டியது. ஒரே பட்டியல், ஒரே வெர்ஷன்கள். ஆனால் அ கட்டி முடிவதற்குள் ஆ வந்துவிட்டால் ஒரு பைனரி, வராவிட்டால் வேறு பைனரி. திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை இன்னொன்று. என் கதையும் இதேதான்.

ஜென்டூ காரர்கள் இதற்கு ஆட்டோமேஜிக் என்று பெயர் வைத்தார்கள். ஆட்டோமேட்டிக், மேஜிக் இரண்டையும் கலந்து. பாராட்டில்லை, வசவு. எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று பயனர் எழுதிவைப்பதுதான் ஜென்டூவின் பெருமை. எழுதாததை நிரல் தானாக எடுத்துக்கொண்டால், பிறகு அந்த லைப்ரரியைத் தூக்கும்போது சம்பந்தமே இல்லாத இன்னொன்று விழும்.

பில்ட்ரூட் வைத்தியம் முரட்டுத்தனமானது. ஒவ்வொரு விருப்ப லைப்ரரிக்கும் வேண்டும் அல்லது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல், ஊகிக்க விடாதே. யாக்டோ 2017-ல், ஒவ்வொரு பேக்கேஜும் தான் அறிவித்த லைப்ரரிகளை மட்டுமே பார்க்கும்படி தனித்தனி அறை கட்டிக்கொடுத்தது. மெசான் 2018-ல் விருப்பங்களுக்கு மூன்று நிலை வைத்தது: கட்டாயம், கூடாது, தானாக. எல்லாத் ‘தானாக’வையும் ஒரே சொல்லில் அணைக்கவும் வழி கொடுத்தது. கர்லும் 2021-ல், 7.77.0 வெர்ஷனில், மாறியது. எந்த டிஎல்எஸ் லைப்ரரி வேண்டும் என்று சொல், வேண்டாமென்றால் அதையாவது சொல், சொல்லாவிட்டால் கட்ட மாட்டேன். எனக்கு ஐந்து வருஷம் லேட்.

2024 மார்ச் 29 அன்று போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் பின்கதவு இருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமானதைத் துரத்திப் போய்க் கண்டுபிடித்தது. ஓப்பன்எஸ்எஸ்எச் எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்றவை, ‘நான் தயார்’ என்று சிஸ்டம்டியிடம் ஒரு வரி சொல்வதற்காக லிப்சிஸ்டம்டியைச் சேர்த்திருந்தன. அது தன் விருந்தாளியாக எக்ஸ்இசட் லைப்ரரியைக் கூட்டி வந்தது. அதே வருஷம் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, அந்த ஒரு வரியைத் தானே சொல்லக் கற்றுக்கொண்டது.

பின்கதவின் நுழைவாயில், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்த ஒரு எம்4 கோப்பு. மெக்கன்சியின் ஆட்டோகான்ஃப் எழுதப்பட்ட அதே எம்4. கன்ஃபிகர் கோப்புகளை யாரும் படிப்பதில்லை என்பது ‘ஜியா டான்’ என்ற பெயரில் இருந்தவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது அவருடைய வேறொரு சின்ன கமிட்டை. எக்ஸ்இசட்டில் லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி விருப்பமாக உண்டு. நிரல் எந்தக் கோப்புகளைத் தொடலாம் என்று வேலி போடுவது. அது இருக்கிறதா என்று பார்க்க சிமேக்கில் ஒரு துண்டு நிரல் கம்பைல் ஆகும். அந்த நிரலின் நடுவே, தனி வரியில், ஒரு புள்ளி வைக்கப்பட்டிருந்தது. புள்ளி இருந்தால் சி நிரல் எந்த மெஷினிலும் கம்பைல் ஆகாது. ஆகாவிட்டால் லேண்ட்லாக் இல்லை என்று அர்த்தம். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, பில்ட் நிற்கவும் இல்லை. லாஸ்ஸே காலின் பிறகு அந்தப் புள்ளியை எடுத்தார். முதல்முறை அந்த மாற்றத்தை நான் படித்தபோது புள்ளியைப் பார்க்காமலே தாண்டிப் போயிருந்தேன். மறுபடி மேலே ஏறி வந்துதான் பார்த்தேன்.