சூலையும் உயிரின் உரிமையும்

உயிர் தன் செயலில் உரிமையுடையதோ, அன்றி வினையின்வழி இழுப்புண்டு செல்வதேயோ என்னும் வினா, சமயநூலார் பலரையும் ஆராய்ச்சியிற் புகுத்திய பெருவினாவாகும். வினையே செலுத்துவதெனின், நன்றுந் தீதும் உயிர்க்கு உரியவாகா. உயிரே முற்றும் உரிமையுடையதெனின், அது தன் துன்பத்தைத் தானே விலக்கிக்கொள்ளமாட்டாது வருந்துவது ஏன்? இதற்கு நூல்வழி விடை காண்டலேயன்றி, 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றின்வழியும் விடை காணலாம்.

திருவாமூரிலே புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகவாய்த் தோன்றிய மருணீக்கியார், இளமையிலேயே பெற்றோரை இழந்தனர். தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டனர். உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கியிருந்தனர். உலகின் நிலையாமையைக் கண்ட மருணீக்கியார், அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்து, பின்னர்ச் சமயங்களின் மெய்ம்மையை ஆராயப் புகுந்து, பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளியை அடைந்தனர். அப்பாடலிபுத்திரம் திருப்பாதிரிப்புலியூரேயாம். சருவநந்தி முனிவர் சகம் 380-இல் (கி.பி. 458) பாடலிகையில் எழுதியதாக லோகவிபாகம் என்னுஞ் சமணநூல் கூறும். அப்பாடலிகையும் இவ்வூரேயென அறிஞர் கருதுவர். கல்வியிற் சிறந்த அவ்விடத்தே மருணீக்கியார் தருமசேனர் என்னும் பெயர்பெற்றுத் தலைமையுற்றனர். அவரை அங்கே ஈர்த்தது மெய்ப்பொருள் நாட்டமேயன்றிப் பிறர் ஏவலன்று.

திருவதிகையில் தொண்டு பூண்டிருந்த தமக்கையாரின் வேண்டுகோட்கு இரங்கிய இறைவர், தம்பியார்க்குச் சூலைநோய் தந்தருளினர் என்பர் சேக்கிழார். மந்திரங்களும் மயிற்பீலியும் பயன்படாதொழியவே, தருமசேனர் சமையற்காரனைத் தமக்கையாரிடம் அனுப்பினர். அம்மையாரோ சமணப்பள்ளிக்கு வருதற்கு இசைந்திலர். ஈண்டு அன்பர்கள் உற்றுநோக்கத்தக்கது இம்மறுப்பேயாம். அவர் திருநீற்றோடு பள்ளிக்கே சென்றிருப்பின், நோய் தீர்தல் கூடும். தம்பியார் தாமே ஒன்றைத் தெளிந்து துணிந்தாராதல் கூடாது. மறுப்பைக் கேட்ட தருமசேனர், பாயுடையும் குண்டிகையும் பீலியும் ஒழித்து, வெள்ளாடை உடுத்து, கைகொடுப்பாரை ஊன்றி, இரவிலே அதிகைக்கு நடந்தனர். நோயைத் தந்தது திருவருள். எழுந்து நடந்தது உயிர்.

அங்குப் பாடிய பதிகமே நான்காந் திருமுறையின் முதற்பதிகமாய்க் கொல்லிப்பண்ணில் அமைந்துள்ளது. அதன்கண் சுவாமிகள், தாம் செய்த கொடுமைகளைத் தாமே அறியாமை கூறி, இனிப் பிரியாது வணங்குதலை உறுதிசெய்கின்றனர். ஆறாம் பாட்டிலோ இறைவரை என்றும் மறந்ததில்லை என்கின்றனர். சமணராய்க் கழித்த ஆண்டுகள் இருக்க, இஃது எங்ஙனம் பொருந்தும்? மலம் உயிரின் அறிவை மறைக்குமேயன்றி, இறைவனோடு அதற்குள்ள தொடர்பை அறுக்கமாட்டாது. மறைப்பு நீங்கியபோது அத்தொடர்பு இடையறாதிருந்தமை புலனாயிற்று என்க.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களால் நிலைநாட்டிய கொள்கையும் இதற்கு இயைந்ததே. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் ஒளியின்றிக் காணாது. ஒளியுண்டாயினும் கண்ணே காண்டல் வேண்டும். அவ்வாறே உயிர்க்கு விழைவும் அறிவும் செயலும் உண்டு. அவை திருவருளின் விளக்கத்தாலன்றி நிகழா. ஆகலின் உயிரின் உரிமை பொய்யன்று. தனித்து நிற்பதும் அன்று.

இனி, துன்பமே அறிவைத் தருமெனின், துன்புற்றார் அனைவரும் அறிவுடையராதல் வேண்டும். பின்னர்ப் பல்லவ வேந்தன் சுவாமிகளை நீற்றறையில் அடைத்தும், நஞ்சூட்டியும், யானையை ஏவியும், கல்லொடு பிணித்துக் கடலில் இட்டும் வருத்தினன் எனப் பெரியபுராணம் கூறும். அவற்றுள் ஒன்றேனும் அவரைத் திருப்பிற்றில்லை. அரசன் வருத்தியது தன் ஆணைக்குப் பணிவித்தற்பொருட்டு. சூலையோ பற்றிய பொய்ச்சார்பைத் தளர்த்தி, வழியைத் திறந்துவைத்து, நடத்தலை உயிர்க்கே விட்டது. இதுவே ஒறுத்தலுக்கும் அருளுக்கும் உள்ள வேறுபாடு. மருத்துவன் அறுத்தலும் பகைவன் அறுத்தலும் நோவால் ஒக்குமாயினும் பயனால் ஒவ்வா.

அவ்வேந்தனும் ஈற்றில் சைவனாகி, அதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தனன் என்பது புராணம். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயராதல் சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டாற் பெறப்படும். மாற்றுநெறியினின்று இலிங்கத்தால் மீண்டமை அதன்கண் குறிக்கப்பட்டதெனப் பலர் பொருள்கொள்வர். நோயாற் படாது, நோயில் நிலைகலங்காத ஒருவரைக் கண்டு உணர்ந்தான் அரசன். உணர்த்தும் வாயில் உயிர்தோறும் வேறுபடும். அவ்வாயில் திறக்குங்கால் எழுந்து நடத்தல் ஒவ்வோருயிர்க்கும் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.