மணிக்கணக்கு இல்லாத அறைகள்

ஸ்டுடியோவில் வாசித்துப் பிழைக்கிற கிடார் கலைஞனுக்குக் கால்ஷீட்தான் முதலாளி. கிடாரை எடுத்து, சுருதி சேர்த்து, ஹெட்போனை மாட்டும்போதே வாடகை ஓடத் தொடங்கிவிடும். ‘இன்னொரு டேக் போகலாமா?’ என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரைக் கண்டதும் அடங்கிவிடும். பல வருஷமாகச் சென்னை ஸ்டுடியோக்களில் வாசித்து வருகிறேன். அதனால்தானோ என்னவோ, வீட்டிலேயே உட்கார்ந்து தனி ஆல்பம் செய்த ராக் கிடார் கலைஞர்களின் கதைகளைத் தேடித்தேடிப் படிக்கிறேன். அவர்கள் அத்தனை பேரும் தேடியது நேரம். அதற்கு ஈடாக அவர்கள் கொடுக்க வேண்டியிருந்தது சத்தம்.

லெஸ் பால் என்றதும் 1952இல் கிப்ஸன் நிறுவனம் அவர் பெயரில் கொண்டுவந்த கிடார்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு ஹாலிவுட்டில் இருந்த அவர் வீட்டு கார் ஷெட்தான் முதலில் வரும். பாடகர் பிங் க்ராஸ்பி தூண்டிவிட, 1940களில் அந்த ஷெட்டை ரெக்கார்டிங் அறையாக மாற்றினார் லெஸ் பால். அவர் ராக் வாசித்தவர் இல்லை. கன்ட்ரியும் ஜாஸும்தான் அவருடைய களம். ஆனாலும் ராக்காரர்கள் பின்னால் வீட்டில் செய்ததற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஷெட்டில் முதலில் டேப் கிடையாது. அசிடேட் பூசிய தட்டில் ஊசி நேராகப் பள்ளம் வெட்டும். தட்டு ஒரே சீராகச் சுழலக் கனமான சக்கரம் வேண்டும் என்பதால் கேடிலாக் கார் இன்ஜினின் ஃப்ளைவீலை எடுத்துப் பொருத்தினார். முதல் தட்டில் ஒரு கிடாரைப் பதிவார். அதை ஓடவிட்டுக் கூடவே இரண்டாவதை வாசிப்பார். இரண்டும் சேர்ந்து இன்னொரு தட்டில் இறங்கும். பிறகு மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் பழைய வாசிப்பின் கூர்மை மங்கும், இரைச்சல் ஏறும். ஆகவே பின்னால் கிடந்தால் போதும் என்கிற பகுதிகளை முதலில் வாசித்துவிட்டு, மெலடியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தட்டு சுழல்வதற்கு முன்பே, எட்டாவது தட்டில் எது எவ்வளவு கேட்கும் என்று தலைக்குள் தெரிந்திருக்க வேண்டும். 1948இல் கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்ட ‘லவர்’ இசைத்தட்டில் கேட்கிற எட்டுக் கிடார்களும் அவர் ஒருவர் வாசித்தவை. சில பகுதிகளைப் பாதி வேகத்தில் பதிந்து இரட்டிப்பு வேகத்தில் ஓட்டியதால், கிடாரின் கழுத்தில் இல்லாத உயரத்துக்கெல்லாம் சுரங்கள் ஏறுகின்றன. 1950இல் ‘தி நியூ சவுண்ட்’ என்று ஆல்பமே வந்தது.

1949இல் க்ராஸ்பி அவருக்கு ஒரு ஆம்பெக்ஸ் டேப் மெஷின் கொடுத்தார். லெஸ் பால் அதில் கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தி, பழைய வாசிப்போடு புதியதையும் கலந்து அதே டேப்பில் பதிகிற வழியைக் கண்டுபிடித்தார். தட்டுகள் தேவையில்லை, மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகலாம். ஆனால் தட்டில் விரல் தவறினால் முந்தைய தட்டாவது கையில் இருந்தது. இதில் புதிய பதிவு பழையதை அழித்துக்கொண்டே போகும். கடைசிச் சுற்றில் ஒரு பிசகு என்றால் முதல் சுற்றிலிருந்து எல்லாமே போச்சு. அந்த நிலையில் நிதானமாக வாசித்த கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

நியூயார்க்கின் ஜாக்ஸன் ஹைட்ஸ் பகுதியில் குடியிருந்தபோது அவரும் மனைவி மேரி ஃபோர்டும் அப்படிச் செய்த ‘ஹவ் ஹை தி மூன்’ 1951இல் அமெரிக்கப் பாடல் விற்பனைப் பட்டியலில் 9 வாரம் முதலிடத்தில் நின்றது. கிடாரை நேரடியாக மெஷினில் செருகிவிடலாம், வெளியே சத்தம் வராது; பாடுகிறவருக்கு அந்த வழி இல்லை. அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் இருக்க மேரி போர்வைக்குள் இருந்து பாடினார் என்று லெஸ் பால் பின்னாளில் சொன்னார். வீட்டு ஸ்டுடியோ வரலாற்றில் அக்கம்பக்கத்து வீடு நுழைகிற இடம் அது. அதற்கப்புறம் அது வெளியேறவே இல்லை. 1957இல் ஆம்பெக்ஸ் அவருக்காகவே செய்துகொடுத்த 8 டிராக் மெஷினின் விலை 10,000 டாலர். அந்தப் பணத்தில் அன்று வீடே வாங்கலாம்.

மற்றவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போனதற்கு அந்த விலைதான் காரணம். மெஷின் கம்பெனியுடையது, அறை கம்பெனியுடையது, நேரமும் கம்பெனியுடையது. லண்டன் அபே ரோட்டில் ஒரு செஷன் என்றால் மூன்று மணி நேரம் என்பது பழைய கணக்கு. அங்கேயே பாடி வாசித்து வளர்ந்த பால் மெக்கார்ட்னிதான் 1969 கடைசியில் லண்டனில் தன் வீட்டுக்கு ஒரு 4 டிராக் ஸ்டூடர் மெஷினை வரவழைத்தார். மிக்ஸர் இல்லை, அளவு காட்டும் மீட்டர்கூட இல்லை. மைக்கை மெஷினின் முதுகில் நேராகச் செருகி வாசித்தார். 1970 ஏப்ரலில் வந்த அந்த ‘மெக்கார்ட்னி’ ஆல்பத்தின் முதல் பாட்டு, மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கப் போட்ட சோதனைப் பதிவு. அதில் கதவு கிறீச்சிடுவது கேட்கும். பீட் டவுன்ஷெண்டும் 1972இல் ‘ஹூ கேம் ஃபர்ஸ்ட்’ ஆல்பத்தைத் தேம்ஸ் கரையோரம் ட்விக்கன்ஹாமில் இருந்த தன் வீட்டில் செய்தார். இருவருமே ஏற்கெனவே பேரும் பணமும் சேர்த்துவிட்டவர்கள்.

இல்லாதவர்களின் கஷ்டம் ஆம்ப்பில் தொடங்கியது. ராக் கிடாரின் கரகரப்பும், இழுத்தால் அறுபடாமல் நிற்கிற அந்த நீளமும், வால்வு ஆம்ப்பை அதன் எல்லைவரை முறுக்கினால்தான் வரும். 100 வாட் மார்ஷல் ஆம்ப்பை அப்படி முறுக்கினால் தெருவே விழித்துக்கொள்ளும். வால்யூமைக் குறைத்தால் அந்தத் தொனி செத்துவிடும். என் வீடு முதல் மாடியில். கீழ் வீட்டு மாமி விடியற்காலையில் எழுந்து கோயிலுக்குப் போகிறவர், இரவு சீக்கிரமே படுத்துவிடுவார். இந்தச் சிக்கல் எப்படிப்பட்டது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதைத் தீர்த்தவர் ஒரு பொறியாளர். எம்.ஐ.டி.யில் படித்துவிட்டு போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் ஷோல்ஸ், மாசச்சூசெட்ஸ் மாநிலம் வாட்டர்டவுனில் தான் வாடகைக்கு இருந்த வீட்டின் பேஸ்மென்டில் 12 டிராக் மெஷின் ஒன்றை வைத்திருந்தார். பகலில் வேலை, இரவில் பேஸ்மென்ட். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தானே செய்த ஒரு பெட்டியை மாட்டினார். ஆம்ப் முழுச் சக்தியோடு கத்தும். அந்தச் சக்தியில் பெரும்பகுதி பெட்டிக்குள் சூடாகக் கரைந்து, மிச்சம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். தொனி மாறாது, வீடு அதிராது. இதைத்தான் பின்னால் ‘பவர் சோக்’ என்று விற்றார்.

1976இல் ‘பாஸ்டன்’ என்ற குழுவின் பெயரில் வந்த முதல் ஆல்பத்தை நான் மனதுக்குள் தனி ஆல்பம் என்றுதான் வைத்திருக்கிறேன். ப்ராட் டெல்ப்பின் குரலும் டிரம்ஸும் போகப் பெரும்பாலான வாத்தியங்கள் ஷோல்ஸின் கையில் இருந்து வந்தவை. ஆல்பத்தை வெளியிட இருந்த எபிக் நிறுவனம் எல்லாவற்றையும் நல்ல ஸ்டுடியோவில் மறுபடி பதியச் சொன்னது. தயாரிப்பாளர் ஜான் பாய்லன் செய்த ஏற்பாட்டில் மற்ற கலைஞர்கள் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய் ஒரு பாட்டைப் பதிந்தார்கள். கம்பெனியின் பார்வை அங்கே இருந்தபோது, ஷோல்ஸ் பேஸ்மென்டில் மற்றதையெல்லாம் வாசித்து முடித்தார். அப்புறம் ஒரு ரெக்கார்டிங் வேன் வாசலில் வந்து நிற்க, பேஸ்மென்ட் ஜன்னல் வழியே கேபிளை நுழைத்து டேப்புகளை 24 டிராக்குக்கு மாற்றினார்கள். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளைத் தாண்டியது அந்த ஆல்பம். அதில் அடுக்கடுக்காக வருகிற கிடார் இணைக்குரல்களைக் கேளுங்கள். எந்தக் கம்பெனியும் ஒரு புதுமுகத்துக்கு அத்தனை டேக்குகளுக்கு வாடகை கட்டியிருக்காது.

1982இல் அவர் வெளியிட்ட ‘ராக்மேன்’ அதைவிடச் சின்னது. இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டு ஹெட்போனில் கேட்கலாம், நேராக டேப்புக்கும் அனுப்பலாம். பக்கத்துக் கட்டிலில் தூங்குபவருக்குக் கேட்பது கம்பி தட்டுகிற ஓசை மட்டுமே. வீட்டுக்காரர்களுக்கு ஏற்ற அந்தப் பெட்டியைப் பெரிய ஸ்டுடியோக்களும் விட்டுவைக்கவில்லை. 1987இல் வந்த டெஃப் லெப்பர்ட் குழுவின் ‘ஹிஸ்டீரியா’ ஆல்பத்தின் கிடார்கள் பெரும்பாலும் ராக்மேன் வழியே பதிந்தவைதான்.

மெஷின் விலையும் இதற்குள் இறங்கியிருந்தது. 1979இல் டியாக் நிறுவனத்தின் போர்ட்டா ஸ்டுடியோ வந்தது: சாதாரண கேசட்டில், இரட்டிப்பு வேகத்தில், 4 டிராக். அதில் ஒன்றை நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் இருந்த வாடகை வீட்டுப் படுக்கையறையில் வைத்து, இரண்டு மைக்குகளோடு, 1982 ஜனவரி 3 அன்று ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வரிசையாகப் பாட்டுகளைப் பதிந்தார். தன் குழுவுக்குப் போட்டுக்காட்டத்தான் அந்தப் பதிவு. குழுவோடு ஸ்டுடியோவில் வாசித்துப் பார்த்தபோது பாட்டுகளில் இருந்த தனிமை போய்விட்டது. உறைகூட இல்லாமல் கால்சட்டைப்பையில் திரிந்த அந்த கேசட்டே கடைசியில் ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் ஆனது. அது பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிடாரும் குரலும்தான். சத்தத்தின் பிரச்சினை அங்கே எழவில்லை.

எலெக்ட்ரிக் கிடாருக்கு என் மனதில் முதலிடம் ஸ்டீவ் வை 1984 ஜனவரியில் வெளியிட்ட ‘ஃப்ளெக்ஸபிள்’ ஆல்பத்துக்குத்தான். அவருக்கு அப்போது வயது 23. சிறுவயதில் ஜோ சாட்ரியானியிடம் கற்றவர்; ஃப்ராங்க் ஸப்பா வாசித்ததைக் காதால் கேட்டு ஸ்வரக்குறிப்பு எழுதித்தந்து, அந்த வேலையாலேயே 1980இல் ஸப்பாவின் குழுவுக்குள் வந்தவர். ஸப்பா அதே சமயத்தில் லாரல் கேன்யனில் தன் வீட்டிலேயே ஒரு முழு ஸ்டுடியோவைக் கட்டி முடித்திருந்தார். நடு ராத்திரியிலும் எழுந்து போய் வேலை செய்யலாம் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பையன், ஸப்பாவிடம் இருந்து விலகியதும் லாஸ் ஏஞ்சலீஸின் ஸில்மர் பகுதியில் வீடு வாங்கி, பின்கட்டுக் கொட்டகையை ஸ்டுடியோவாக்கினார். பெயர் ‘ஸ்டக்கோ ப்ளூ’. கால் அங்குல டேப்பில் 8 டிராக் மெஷின்; கம்பெனி ஸ்டுடியோக்களில் இரண்டு அங்குல டேப்பில் 24 டிராக் ஓடிய காலம் அது.

ஆல்பமாக வெளியிடுகிற நினைப்பே முதலில் இல்லை என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேட்டால் தெரியும். ‘லிட்டில் கிரீன் மென்’ பாட்டில் விசித்திரக் குரல்கள், ‘கால் இட் ஸ்லீப்’பில் நிதானமாக நடக்கிற மெலடி, ‘தி ஆட்டிட்யூட் சாங்’கில் தாளம் ஒரு பக்கம் மடங்க, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிய கிடார்கள் இம்மி பிசகாமல் கூடவே மடங்குகின்றன. அந்தக் கிடார் அடுக்கை எடுத்து வாசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் கிடாரில் கம்பியை எந்த நொடியில் வளைத்தோமோ, மேலே ஏறுகிற ஒவ்வொரு கிடாரிலும் அதே நொடியில் வளைக்க வேண்டும். மயிரிழை பிந்தினாலும் கோணலாகக் கேட்கும். யாரும் காத்திருக்காத அறையில்தான் அதைச் சரிசெய்து சரிசெய்து போட முடியும். தன் சொந்த லேபிளிலேயே அதை வெளியிட்டார். பிறகு பெரிய குழுக்களில் வாசித்துவிட்டு 1990இல் ‘பேஷன் அண்ட் வார்ஃபேர்’ செய்தபோதும், இன்னும் பெரிதாக ஆனால் வீட்டிலேயே வைத்திருந்த ஸ்டுடியோவுக்குத்தான் போனார்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 1990களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டில் 8 டிராக் டிஜிட்டலாகப் பதிகிற ஏடாட் வந்தது, கம்ப்யூட்டரில் புரோ டூல்ஸ் வந்தது. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’, விதவிதமான ஆம்ப்களின் தொனியை ஒரு கைப்பிடிப் பெட்டிக்குள் அடக்கியது. நம்மூரில் வீட்டு ஸ்டுடியோ என்றால் ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கம் வீட்டோடு சேர்த்துக் கட்டிய பஞ்சதன் ரெக்கார்ட் இன்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் கீபோர்டுக்கு ஒயர் போதும். கிடாருக்கு அந்தச் சௌகரியம் கிடைக்க லெஸ் பாலின் ஷெட்டில் இருந்து அரை நூற்றாண்டு ஆயிற்று. இப்போது நள்ளிரவில் மார்ஷலை முழுக்க முறுக்கிய தொனியில் வாசிக்கிறேன். கீழ் வீட்டு மாமிக்கு எதுவும் கேட்பதில்லை.

சத்தத்தின் பிரச்சினை அப்படித் தீர்ந்தது. நேரத்தின் பிரச்சினை தீரவில்லை, தலைகீழாக மாறியது. போதும் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. இதை முதலில் அனுபவித்தவரும் ஷோல்ஸ்தான். இரண்டாவது ஆல்பம் 1978இல் வந்தது. அது அவசரமாக வெளியானது என்று அவருக்குக் கடைசிவரை மனக்குறை. மூன்றாவதை யாரும் அவசரப்படுத்த விடவில்லை. வருஷங்கள் போயின, எபிக்கின் தாய் நிறுவனமான சி.பி.எஸ். வழக்குப் போட்டது. அவரோ பதிந்ததை அழித்து மறுபடி பதிந்துகொண்டிருந்தார். 1986இல் ‘தேர்ட் ஸ்டேஜ்’ வேறொரு நிறுவனத்தில் வெளிவந்து, அதில் இருந்த ‘அமாண்டா’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டின் கிடார் ஓசையில் எட்டு வருஷம் வீணானதாக எனக்குக் கேட்கவில்லை. சி.பி.எஸ்.ஸுக்கு அப்படிக் கேட்டிருக்காது. வழக்கைத் தொடர்ந்து நடத்தியது. ஒரு மனிதன் தன் வீட்டில் ஒரு பாட்டுக்கு எத்தனை காலம் எடுத்துக்கொள்ளலாம் என்பது நீதிமன்றம்வரை போன கேள்வியாயிற்று. 1990இல் ஜூரி ஷோல்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது.