கடன்பட்டு இட்ட சோறு

எபிரேய மொழியில் ஈகையைக் குறிக்கும் 'ட்செடாக்கா' என்னும் சொல், நீதியைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்ததாகும். இல்லாதவருக்கு ஈவது வெறும் இரக்கச் செயலன்று, செலுத்தியே தீரவேண்டிய கடமை என்பது யூத சமயத்தார் கொள்கை. இக்கொள்கை கடுஞ்சோதனைக்கு உள்ளான இடங்களுள் ஷாங்காய் நகரும் ஒன்று.

1938 நவம்பரில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் தீக்கிரையாயின. ஏதிலிகளாய் வெளியேறியோருக்குப் பல நாடுகள் கதவடைத்தன. நுழைவு அனுமதி கேளாத துறைமுகமாயிருந்த ஷாங்காயை நோக்கிக் கப்பலேறியவர் ஏறத்தாழ 17,000 பேர். 1937 போரில் இடிந்துகிடந்த ஹொங்கியூ பகுதியிலேயே அவர்களுட் பெரும்பாலோர் தங்க நேர்ந்தது.

அந்நகரில் பாக்தாத் வழிவந்த யூத வணிகர் முன்பே செல்வாக்குடன் வாழ்ந்தனர். பம்பாய், கல்கத்தா, சிங்கப்பூர் எனப் பரவிய மரபு அது. சிங்கப்பூர் வாட்டர்லூ சாலையில் 1878இல் தொழுகைக்கூடம் எழுப்பியோரும் அம்மரபினரே. அவருள் ஒருவரான ஹோரஸ் கடூரி ஏதிலிச் சிறுவர்க்குப் பள்ளி அமைத்தார். எனினும் உள்ளூர்க் கொடை எத்தனை நாளைக்குத் தாங்கும்?

உதவிக்கு வந்தது அமெரிக்க யூதர்களின் கூட்டு நிவாரணக் குழு. 'ஜாயிண்ட்' எனச் சுருக்கமாக வழங்கும் இவ்வமைப்பு, ஓட்டோமான் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்து யூதர்க்கு 50,000 டாலர் வேண்டி அமெரிக்கத் தூதர் மார்கெந்தாவ் 1914இல் அனுப்பிய தந்தியை அடுத்துத் தோன்றியது. இதன் சார்பில் 1941 மே மாதம் லாரா மார்கோலிஸ் என்னும் பெண்மணி ஷாங்காய் வந்திறங்கினார். பணம் பகிர்வது எளிது. நாள்தோறும் ஏறத்தாழ 8,000 பேருக்கு ஒருவேளை உணவேனும் தவறாமல் கிடைக்கச் செய்வது எளிதன்று. சிக்கனமாகச் சமைக்க நீராவிக் கொதிகலன்களைத் தேடிப் பெற்றுப் பொதுச் சமையற்கூடத்தைச் சீரமைத்தார் அவர்.

1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டது. ஷாங்காய் முற்றிலும் ஜப்பானியர் வசமாயிற்று. பகைநாட்டு ஆட்சிப் பகுதிக்குப் பணம் அனுப்புதலை அமெரிக்கச் சட்டம் தடுத்தது. போருக்குப்பின் திருப்பித் தரப்படும் என்னும் உறுதியின்பேரில் உள்ளூரில் கடன் வாங்க 'ஜாயிண்ட்' முன்னரே இசைந்திருந்தது. அவ்வுறுதியொன்றையே கையில் வைத்துக்கொண்டு, பகைநாட்டுக் குடிமகளாகிய மார்கோலிஸ் ஜப்பானிய அதிகாரியிடமே சென்று கடன் பெற அனுமதி கேட்டார், கிடைத்தது. எவர் வெல்வாரென்று தெரியாத அந்நாளில் பணத்தைக் கொடுத்தவர்களின் துணிவு வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை.

1943இன் தொடக்கத்தில் மார்கோலிஸ் முகாமில் அடைக்கப்பட்டார். ஏதிலிகள் அடுப்பைத் தாமே ஏற்று நடத்தினர். பின்னர்ச் சுவிட்சர்லாந்து வழியாக மீண்டும் பணம் வரலாயிற்று. கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையாகி அமெரிக்கா சேர்ந்த மார்கோலிஸ், போர் ஓயுமுன்பே 'ஜாயிண்ட்' பணியை ஏற்று ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார்.