மன்னிப்பும் மறதியும்: பாங்காக் வீதிகள் கூறும் வரலாறு

தாய்லாந்தின் தலைநகராம் பாங்காக்கில் ராச்சடம்னன் என்றோர் அகன்ற சாலை உண்டு. அரசர் பவனி வரும் வழி என்பது அப்பெயரின் பொருள். அச்சாலையின் நடுவே நிற்கும் மக்களாட்சி நினைவுச் சின்னம் 1940-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் நான்கு சிறகுகளும் 24 மீட்டர் உயரமுடையவை. சுற்றிலும் 75 பீரங்கிகள். நடுவே தாலங்களின்மீது அரசியலமைப்புச் சட்டச் சுவடி. புத்த ஆண்டு 2475, அதாவது 1932-ஆம் ஆண்டு, ஜூன் 24-ஆம் நாளை இவ்வெண்கள் குறிக்கின்றன. அன்று விடியற்காலையில் பிரிதி பனோம்யோங் போன்ற அறிஞர்களும், பிபுன் சொங்கிராம் போன்ற படை அதிகாரிகளும் ஒன்றுகூடி, முடியாட்சியின் வரம்பற்ற அதிகாரத்தைக் குருதி சிந்தாமல் முடிவுக்குக் கொணர்ந்தனர்.

ஆனால், எழுதப்பட்ட சட்டம் நிலைக்கவில்லை. 2017-இல் நடைமுறைக்கு வந்தது அந்நாட்டின் இருபதாவது அரசியலமைப்பு. படையினர் ஆட்சியைக் கைப்பற்றிய நிகழ்ச்சிகளோ பத்துக்கும் மேற்பட்டவை. சட்டம் கிழிக்கப்படும்போதெல்லாம் மக்கள் இச்சாலைக்கே வந்தனர். அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதைவிட, அவர்கள் சிந்திய குருதிக்குப் பின் என்ன நடந்தது என்பதே நம் சிந்தனைக்குரியது.

வெற்றியும் பழியும்

1973 அக்டோபரில், அரசியலமைப்புச் சட்டம் வேண்டுமென்று துண்டறிக்கை வழங்கியோர் உள்ளிட்ட பதின்மூவர் கைதாயினர். அவர்களை விடுவிக்கக் கோரித் தம்மாசாட் பல்கலைக்கழகத்தில் திரண்ட மாணவர் கூட்டம் இலட்சக்கணக்கில் பெருகியது. அக்டோபர் 14-ஆம் நாள் துப்பாக்கிகள் முழங்கின. 77 பேர் மாண்டனர். எனினும், அன்று மாலையே தனோம் கிட்டிகாசோனின் படையாட்சி வீழ்ந்தது. அவரும் அவர்தம் கூட்டாளிகளும் நாட்டை விட்டு வெளியேறினர். தம்மாசாட் பல்கலைக்கழகத்தின் தலைவரான சான்யா தம்மசக்தியே பிரதமராக நியமிக்கப்பட்டார். மாணவர் ஓர் அரசையே வீழ்த்தியது கண்டு ஆசியா வியந்தது.

மூன்றாண்டுகள் கழிந்தன. அண்டை நாடுகளான வியட்நாமும் கம்போடியாவும் லாவோசும் 1975-இல் பொதுவுடைமையர் வசமாயின. தாய்லாந்தின் மேல்தட்டினரை அச்சம் ஆட்கொண்டது. மாணவர் அனைவரும் நாட்டின் பகைவர் என்ற பரப்புரை வானொலிகளில் ஓயாது ஒலித்தது. பொதுவுடைமையரைக் கொல்வது பாவமன்று என்று ஒரு புத்தத் துறவியே பேசலானார். 1976 செப்டம்பரில் தனோம் துறவாடை பூண்டு நாடு திரும்பினார். அதை எதிர்த்துச் சுவரொட்டி ஒட்டிய மின்வாரியத் தொழிலாளர் இருவர் நக்கோன் பாத்தோமில் தூக்கிலிடப்பட்ட நிலையில் கிடந்தனர். அக்கொடுமையை மாணவர்கள் நாடகமாக நடித்துக் காட்டினர். தொங்குவதுபோல் நடித்த மாணவரின் முகம் பட்டத்து இளவரசரை ஒத்திருக்கிறது என்று கூறி, நிழற்படத்துடன் ஒரு நாளிதழ் தீ மூட்டியது. அக்டோபர் 6-ஆம் நாள் விடியலில் காவற்படையும், வலதுசாரிக் கூட்டங்களும் தம்மாசாட் வளாகத்துள் பாய்ந்தன. அரசுக் கணக்கின்படியே 46 பேர் மாண்டனர். உயிரற்ற உடல்களும் மரங்களில் தொங்கவிடப்பட்டு அடிக்கப்பட்டன. அதைச் சிரித்தபடி பார்த்து நின்றோரும் இருந்தனர். அன்று மாலையே படை மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது.

கைதானவர் யார்? தாக்கியவர் அல்லர், தாக்கப்பட்ட மாணவர்களே மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்தம் தலைவர்கள்மீது வழக்கு நடந்தது. 1978-இல் பொதுமன்னிப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு மாணவர்கள் விடுதலையாயினர். பார்வைக்கு அது கருணை. ஆயின், அந்நாட்களில் அவ்வளாகத்தில் நிகழ்ந்த குற்றங்கள் அனைத்தையும் அச்சட்டம் தன் போர்வைக்குள் மூடிக்கொண்டது. குற்றமற்றவரை மன்னிப்பதாகக் கூறிக் குற்றவாளியைக் காத்தது. அன்று சிறையிலிருந்த மாணவருள் ஒருவரான தோங்சாய் வினிச்சகூல் பின்னாளில் வரலாற்றுப் பேராசிரியரானார். நினைக்கவும் இயலாமல், மறக்கவும் இயலாமல் ஒரு சமுதாயம் தவிக்கும் நிலையே அந்நாளின் எச்சம் என்கிறார் அவர்.

மீண்டும் அதே வழி

1992-இல் மாணவரோடு நகரத்து நடுத்தர மக்களும் தெருவுக்கு வந்தனர். முந்தைய ஆண்டில் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதிகளுள் ஒருவரான சுச்சிந்தா கிராபிரயூன், பிரதமராகமாட்டேன் என்ற தம் வாக்கை மீறித் தேர்தலில் நில்லாமலே அப்பதவியை ஏற்றார். பாங்காக்கின் முன்னாள் ஆளுநர் சாம்லோங் ஸ்ரீமுவாங் உண்ணாநோன்பு தொடங்கினார். மே 17 முதல் 20 வரை ராச்சடம்னன் சாலையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 52 பேர் மாண்டனர் என்றது அரசு. வீடு திரும்பாதோர் பலர். மே 20 இரவு மன்னர் பூமிபோல் இருவரையும் அழைத்துக் கண்டித்தார். மன்னர் முன் தரையில் பணிந்திருந்த அவ்விருவரின் காட்சியைத் தொலைக்காட்சியில் உலகமே கண்டது. துப்பாக்கிகள் ஓய்ந்தன. சில நாட்களில் சுச்சிந்தா பதவி விலகினார். விலகுமுன் பொதுமன்னிப்பு ஆணை பிறப்பிக்கப்பட்டது. சுட ஆணையிட்ட எவரும் நீதிமன்றப் படி ஏறவில்லை.

2010-இல் செஞ்சட்டையினர் நடத்திய கிளர்ச்சியின்போது தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மே 19 அன்று, அடைக்கல இடமென அறிவிக்கப்பட்டிருந்த பாத்தும் வனாராம் புத்த ஆலயத்தில் அறுவர் சுடப்பட்டு வீழ்ந்தனர். காயமுற்றோருக்குத் தொண்டு செய்த செவிலிப் பெண்ணும் அவர்களுள் ஒருவர். படையினரின் குண்டுகளே அவர்களைக் கொன்றன என்று 2013-இல் நீதிமன்ற விசாரணை முடிவு செய்தது. அதே ஆண்டு நவம்பரில், எல்லாத் தரப்பாரையும் ஒருங்கே மன்னிக்கும் மசோதாவை ஆளுங்கட்சி பின்னிரவில் நிறைவேற்றியது. வெளிநாட்டில் வாழ்ந்த முன்னாள் பிரதமர் தக்சின் திரும்புவதற்கான வழியே இதுவென எதிர்த்தரப்பார் கொதித்தனர். இறந்தோரின் உறவினரும் மனம் வெதும்பினர். மேலவை அம்மசோதாவைத் தள்ளியும் கிளர்ச்சி அடங்கவில்லை. 2014 மே 22-இல் படை மீண்டும் ஆட்சிக்கு வந்தது; வந்ததும் தனக்குத் தானே மன்னிப்பு வழங்கிக்கொண்டது.

2020-இல், 1976-க்குப் பின் பிறந்த இளைஞர்கள் மூவிரல் உயர்த்தி வீதிக்கு வந்தனர். அரச குடும்பத்தின் நிலை பற்றியும் வெளிப்படையாகப் பேசினர். குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, அரசரை இழிவுபடுத்தும் சொல்லுக்குப் பதினைந்து ஆண்டுவரை சிறை விதிக்கிறது. அப்பிரிவின்கீழ் வழக்குகள் குவிந்தன. பின்னர் பொதுமன்னிப்பு மசோதாக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, இவ்வழக்குகளையும் சேர்ப்பதா என்பதே பெரும் பிணக்காயிற்று. சுட்டவருக்கு எளிதில் கிடைத்த மன்னிப்பு, பேசியவருக்கு அரிதாகிவிட்டது.

நம் சிந்தனைக்கு

மன்னிப்பு உயர்ந்த பண்பு என்பதை நாம் அறிவோம். ஆனால் மன்னிக்கும் உரிமை யாருடையது? மகனை இழந்த தாய் மன்னிக்கலாம். அவள் சார்பில், அவளைக் கேளாமலே, கொன்றவரின் அரசு எப்படி மன்னிக்க இயலும்? செய்தவர் யார், செய்தது என்ன என்று கூறப்படாத இடத்தில் மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது? அங்கே வழங்கப்படுவது மன்னிப்பன்று, கட்டாய மறதி.

அம்மறதி அமைதியைத் தந்ததா என்று வரலாற்றைக் கேட்டால், இல்லை என்றே அது விடையளிக்கிறது. 1976-இல் சுட்டவர் தண்டனைக்கு ஆளாகவில்லை என்பதை 1992-இல் சுட்டவர் அறிந்திருந்தனர். 1992-இல் நடந்ததை 2010-இல் இருந்தோரும் அறிந்திருந்தனர். தம்மாசாட் படுகொலையில் இறந்தோருக்கு வெளிப்படையாகப் பெரிய அளவில் நினைவு விழா எடுக்க இருபது ஆண்டுகள் ஆயின. இன்றும் ஆண்டுதோறும் அக்டோபர் 6 விடியலில் மாணவர்கள் அவ்வளாகத்தில் மலர் வைத்து நிற்கின்றனர். அவர்கள் கேட்பது பழியன்று. பெயர்களைச் சொல்லுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள் என்பதே அவர்தம் வேண்டுகோள். உண்மை முதலில் வரட்டும். மன்னிப்பதா என்பதை அதன்பின் அத்தாய்மார்கள் கூறட்டும்.