தலைமைப் போட்டிக்குப் பின் வரும் மனக்கசப்பு: 1954 தரும் பாடம்

பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தல் முடிந்த மறுவாரம் பல மஹல்லாக்களில் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறோம். நேற்று வரை முன் ஸஃப்பில் நின்ற முன்னாள் தலைவரைக் காணோம். ஜும்ஆவுக்கு வேறு பள்ளிக்குப் போகிறார். அவரோடு நான்கைந்து குடும்பங்களின் சந்தாவும் நின்றுபோகிறது. சில ஆண்டுகளில் அதே தெருவில் இன்னொரு ஜமாஅத் உருவாகிறது.

இது நம்மிடம் மட்டும் உள்ள நோய் அல்ல. பெரிய கட்சிகளும் இதைச் சந்தித்துள்ளன. தமிழக அரசியலில் இதற்குத் தெளிவான உதாரணம் 1954ல் சென்னை மாகாண காங்கிரஸில் நடந்த தலைமைப் போட்டி.

போட்டியின் பின்னணி

ராஜாஜிக்கும் காமராஜருக்கும் இடையிலான போட்டி அப்போது புதியதல்ல. 1940ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தலில் ராஜாஜி ஆதரித்த சி.பி. சுப்பையாவை வெறும் மூன்று வாக்குகளில் வென்றவர் காமராஜர்.

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 தான். தனிப்பெரும்பான்மை இல்லாத அந்த நெருக்கடியில் முதல்வராக அழைக்கப்பட்டவர் ராஜாஜி. 1953ல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வாங்கியது. பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தனர். சொந்தக் கட்சிக்குள்ளும் எதிர்ப்பு வளர்ந்தது. 1954ல் ராஜாஜி பதவி விலகினார்.

சட்டமன்றக் கட்சியின் அடுத்த தலைவர் யார்? ராஜாஜியின் ஆதரவோடு சி. சுப்பிரமணியம் நின்றார். எதிரே காமராஜர். காமராஜருக்கு 93 வாக்குகள், சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதல்வரானார்.

வென்றவர் செய்தது

தம்மை எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும், அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் காமராஜர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அதுவும் பெயருக்கு ஒரு பதவி அல்ல. நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்திடம் இருந்தன. சர்ச்சைக்குரிய கல்வித் திட்டம் கைவிடப்பட்டதை அதே ஆண்டு மே மாதம் அறிவித்தவரும் கல்வி அமைச்சரான அவர்தான். தோற்றவரை ஒதுக்கியிருந்தால் இது நடந்திருக்குமா? அந்தச் சுப்பிரமணியமே பிற்காலத்தில் மத்திய உணவு, விவசாய அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு அடித்தளமிட்டார்.

அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காமராஜர் சட்டமன்றத்துக்கு வரவேண்டியிருந்தது. அவர் நின்று வென்ற தொகுதி குடியாத்தம். நம் திருவண்ணாமலையும் அந்த நாளில் குடியாத்தம் இருந்த வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.

ஆறாத கசப்பு

வேட்பாளர் சமாதானமானார். ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற மூத்த தலைவர் சமாதானமாகவில்லை. ராஜாஜி மெல்ல விலகினார். 1957 தேர்தலில் அதிருப்தியாளர்கள் 'காங்கிரஸ் சீர்திருத்தக் குழு' என்ற பெயரில் காங்கிரஸையே எதிர்த்து நின்றனர். 1959ல், எண்பது வயதில், ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்.

இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். இதற்கெல்லாம் கசப்பு மட்டுமே காரணம் என்பது அநீதி. கூட்டுப் பண்ணை விவசாயத்தையும் 'லைசென்ஸ் பெர்மிட்' ஆட்சியையும் அவர் கொள்கை அடிப்படையில் எதிர்த்தார். ஆனால் கட்சிக்குள் இருந்து பேச இடமில்லை என்று ஒரு மூத்தவர் உணர்ந்துவிட்டால், அவருடைய கொள்கையும் வருத்தமும் ஒன்றாகவே வெளியேறிவிடுகின்றன. பிறகு அவற்றைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

1967ல் தி.மு.க. அணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் ஸாஹிபின் முஸ்லிம் லீக்கும் இருந்தன. தி.மு.க. மட்டும் 137 இடங்களில் வென்றது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். கோபிச்செட்டிபாளையம் மக்களவைத் தொகுதியில் சுப்பிரமணியமும் தோற்றார். அரிசிப் பஞ்சம், இந்தி எதிர்ப்புப் போராட்டம் எனப் பல காரணங்கள் இருந்தாலும், பழைய காங்கிரஸ் முதல்வர் ஒருவர் எதிரணியில் நின்றது அந்த அணிக்குப் பெரிய பலம்.

காலம் இன்னொன்றையும் காட்டியது. 1971 தேர்தலில் காமராஜரின் பழைய காங்கிரஸும் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் ஒரே அணியில் நின்றன. அந்த அணி தோற்றது. மறு ஆண்டு டிசம்பரில் ராஜாஜி காலமானார். இருவரும் ஒரே மேடைக்கு வந்தபோது, சேர்ந்து சாதிக்கும் காலம் கடந்துவிட்டிருந்தது.

நமக்கு என்ன?

வென்றவர் முதல் வேலையாகத் தோற்றவர் வீட்டுக்குப் போகட்டும். போட்டியிட்டவரை மட்டும் சந்தித்துவிட்டு வருவது போதாது. அவருக்குப் பின்னால் நின்ற பெரியவரையும் பார்க்க வேண்டும். கௌரவப் பதவி கொடுத்து மூலையில் உட்கார வைக்காமல், கணக்கோ மதரஸாவோ, உண்மையான பொறுப்பு ஒன்றைக் கொடுக்கட்டும்.

தோற்றவருக்கும் கடமை உண்டு. கருத்து வேறுபாட்டைச் சபைக்குள் சொல்லட்டும்; அதே ஸஃப்பில் நிற்கட்டும். அங்கே சொன்னதை இங்கேயும், இங்கே சொன்னதை அங்கேயும் கொண்டுபோகும் வேலையை நம்மைப் போன்ற மற்றவர்கள் நிறுத்திக்கொள்வோம்.

பதவிக் காலம் மூன்றாண்டில் முடிந்துவிடும். இரண்டாகப் பிரிந்த ஜமாஅத்தோ, அதற்குக் காரணமானவர்கள் கப்றுக்குப் போன பிறகும் ஒன்று சேர்வதில்லை. சிந்திப்போம்.