இல்லாத நொதியைத் தேடியவர்கள்

1998ஐ நைட்ரிக் ஆக்சைடின் ஆண்டு என்றே நான் சொல்வேன். ரத்தக் குழாயைத் தளர்த்தும் சமிக்ஞை இந்த வாயுதான் என்று கண்டதற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நோய்க்கிருமி தாக்கும்போது செடியும் இதே வாயுவைச் சமிக்ஞையாகப் பயன்படுத்துகிறது என்று இரண்டு ஆய்வுக்குழுக்கள் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

செடியிலிருந்து இது வெளிவருவது புதுச் செய்தி அல்ல. 1970களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் லோவல் கிளெப்பர், களைக்கொல்லி தெளித்த சோயாச் செடிகளில் இதை அளந்திருந்தார். யார் கண்டுகொண்டார்கள்? அன்றைக்கு அது வாகனப் புகையில் வரும் நச்சு, அவ்வளவுதான்.

சமிக்ஞை என்றான பிறகு, இதைச் செடியில் தயாரிப்பது எது என்ற கேள்வி வந்தது. விலங்குகளில் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இதை உண்டாக்கத் தனி நொதி உண்டு. செடியிலும் அதேதான் இருக்கணும் என்று பலரும் தேடப் போனார்கள். என் பார்வையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

2003இல் ஒன்றல்ல, இரண்டு கிடைத்தன. புகையிலையில் ஒன்று, 'செல்' இதழில். அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் இன்னொன்று, 'சயின்ஸ்' இதழில். முதல் கட்டுரை மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. சோதனையை மறுபடி செய்தபோது அதே முடிவு வரவில்லை. இரண்டாவதற்கு நைட்ரிக் ஆக்சைடைத் 'தயாரிக்கும்' நொதி என்றே பெயர் வைத்திருந்தார்கள். மற்ற ஆய்வகங்கள் சோதித்தால், அது ஜிடிபி என்ற மூலக்கூறை உடைக்கும் புரதம்! பெயரில் 'தயாரிக்கும்' போய், 'தொடர்புடைய' வந்தது.

இத்தனைக்கும் ஒரு விடை கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. வேர் உறிஞ்சிய நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் நைட்ரேட் ரிடக்டேஸ், செடிக்குச் சோறு போடும் நொதி. நைட்ரைட் தேங்கி, ஆக்சிஜன் குறைந்தால், அதுவே கொஞ்சம் நைட்ரைட்டை நைட்ரிக் ஆக்சைடாக்கிவிடும். கிளெப்பரின் சோயாவில் தேங்கியதும் நைட்ரைட்தான். இந்த நொதிக்கான மரபணுக்கள் பழுதான அராபிடாப்சிஸில், அப்சிசிக் அமிலம் என்ற வறட்சி ஹார்மோனைக் கொடுத்தும் இலைத்துளைகள் மூடவில்லை என்று 2002லேயே காட்டியாயிற்று. சமையல்காரரே தபால்காரராகவும் இருப்பார்னு யாருக்குத் தோணும்?

2010இல் ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற ஒருசெல் பாசியில் விலங்கு நொதியின் உண்மையான உறவினர் கிடைத்தது. 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலத் தாவரங்களின் மரபுத் தகவல்களை அலசிப் பார்த்தார்கள். ஒன்றில்கூட இல்லை. ஆனாலும் அர்ஜினினிலிருந்து செடி நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்குவதாகச் சில சோதனைகள் காட்டிக்கொண்டேதான் இருக்கின்றன. அதைச் செய்வது எதுன்னு தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.