வெட்டுக்குத் தப்பிய மூன்றாம் அங்கம்

பழைய திரைப்படம் ஒன்று செப்பனிடப்பட்டுக் குறுந்தகடாக வீட்டுக்கு வரும்போது, ‘மூல வடிவம் மீட்கப்பட்டது’ என்ற சொற்றொடர் எளிதாகப் புழங்குகிறது. மூலமே முற்றுப்பெறாத படைப்பாக இருந்தால் மீட்கப்படுவது எது? மைக்கேல் பவலும் எமரிக் பிரஸ்பர்கரும் 1951இல் உருவாக்கிய ‘தி டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன்’ இக்கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்குகிறது.

ஜெர்மன் எழுத்தாளர் ஹாஃப்மனின் கதைகளைத் தழுவி இயற்றப்பட்ட இந்த இசை நாடகத்தை நிறைவு செய்யாமலேயே, 1880 அக்டோபரில் ஜாக் ஆஃபன்பாக் காலமானார். எஞ்சிய பணியை எர்னெஸ்ட் கிரோ முடித்துக் கொடுத்தார். 1881 பிப்ரவரியில் பாரிஸின் ஓபரா கோமிக் அரங்கில் அது மேடையேறியபோது, வெனிஸில் நிகழும் ஜூலியெட்டா அங்கம் முழுவதையும் அரங்க இயக்குநர் நீக்கிவிட்டார். பின்வந்தவர்கள் கூட்டியும் குறைத்தும் நிகழ்த்தினர். 1970களில் ஏராளமான கையெழுத்துப் பக்கங்கள் கண்டெடுக்கப்பட்டன, புதிய பதிப்புகள் வந்தன, விவாதம் ஓயவில்லை. ஆகவே ஆஃபன்பாக்கின் இறுதி வடிவம் என்று நாம் கைகாட்டக்கூடியது எதுவுமில்லை.

பவல்-பிரஸ்பர்கர் இணைக்கு இந்த நாடகத்தைப் பரிந்துரைத்தவர் இசை நடத்துநர் சர் தாமஸ் பீச்சம். அவரது ராயல் ஃபில்ஹார்மனிக் இசைக்குழுவோடு முழு இசையும் முதலில் ஒலிப்பதிவாயிற்று. பிறகு, ஷெப்பர்டன் படப்பிடிப்புத் தளத்தில் அந்த ஒலிக்கேற்பக் காட்சிகள் மௌனப் படம்போல் எடுக்கப்பட்டன. தளத்தில் ஒலியைப் பதிய வேண்டியிராததால், காமிராவின் இரைச்சலை அடக்கும் கனத்த கூடு தேவைப்படவில்லை. காமிரா நடனக்காரரோடு சேர்ந்து நகர முடிந்தது. ஹைன் ஹெக்ராத் வடிவமைத்த அரங்கங்களில் துணியும் வண்ணமும் ஒளியுமே நகரங்களாக மாறின.

முக்கியப் பாத்திரங்கள் பலவற்றை நடனக் கலைஞர்களே ஏற்றனர். இயந்திரப் பொம்மை ஒலிம்பியாவாக ஆடியவர் மொய்ரா ஷீரர். பாடியவர் டாரதி பாண்ட். தீய பாத்திரங்களில் தோன்றிய ராபர்ட் ஹெல்ப்மனுக்குக் குரல் கொடுத்தவர் புரூஸ் டார்கவெல். பின்னணிக் குரலில் வளர்ந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஹாஃப்மனாக வரும் ராபர்ட் ரூன்ஸ்வில், அன்டோனியாவாக வரும் ஆன் அயர்ஸ் ஆகிய இருவர் மட்டுமே தம் குரலிலேயே பாடி நடித்தவர்கள்.

இவ்விடத்தில் ஒரு முரண் தென்படுகிறது. அன்டோனியா, பாடினால் இறந்துவிடுவாள் என்று தடுக்கப்பட்ட நோயாளிப் பெண். பாடாமல் வாழ்வதா, பாடி மடிவதா என்பதே அவளது அங்கம். நாயகன், நாயகி இருவரிடமும் குரலும் உடலும் பிரியாமல் இணைந்திருப்பது இந்த மூன்றாம் அங்கத்தில்தான். தயாரிப்பைத் தாங்கிய அலெக்சாண்டர் கோர்டா, கான் விழாவுக்கு முன் வெட்டிவிடச் சொன்னதும் இதைத்தான். இருவரும் மறுத்தனர். 1951 கான் விழாவில் படம் சிறப்புப் பரிசு பெற்றது. கோர்டாவுடனான உறவு முறிந்தது. எனினும் பல பத்தாண்டுகள் சுற்றிவந்த பிரதிகள் குறையுள்ளவையாகவே இருந்தன.

டெக்னிகலர் காமிரா ஒளியை மூன்றாகப் பிரித்து மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் பதித்தது. காலப்போக்கில் அவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கும். ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்போது உருவங்களின் ஓரங்களில் வண்ணக் கசிவு தோன்றும். மூன்றையும் தனித்தனியே மின்னணு வடிவாக்கி, சட்டகம் சட்டகமாக ஒத்திசையச் செய்வதே செப்பனிடலின் அடிப்படை. பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் ஆவணக் காப்பகம், ஸ்டூடியோகேனல், மார்ட்டின் ஸ்கார்செஸி நிறுவிய தி ஃபிலிம் ஃபவுண்டேஷன் ஆகியவை கூட்டாக மேற்கொண்ட இப்பணி 2015இல் நிறைவுற்று, அவ்வாண்டே ப்ளூ-ரே வடிவிலும் வெளியானது. பவலின் மனைவியும் படத்தொகுப்பாளருமான தெல்மா ஸ்கூன்மேக்கர் இதற்குத் துணைநின்றார்.

ஸ்கார்செஸி இப்படத்தைச் சிறுவயதில் தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளையில், விளம்பர இடைவெளிகளோடு கண்டவர். வண்ணமே உயிரான ஒரு படம் வண்ணமின்றியும் ஒருவரை ஆட்கொண்டிருக்கிறது. ஹெல்ப்மனின் கண்ணசைவுகள் தம் ‘டாக்ஸி டிரைவர்’ படத்தில் (1976) ராபர்ட் டி நீரோவின் கண்களைக் காட்டிய விதத்துக்கு வழிகாட்டியதாக அவர் சொல்லியிருக்கிறார். சிதைந்த பிரதிக்கும் வாரிசுகள் உண்டு.

புதிய வடிவில் மூன்றாம் அங்கத்தின் விடுபட்ட பகுதிகளோடு, இறுதியில் நடித்தவர்களும் அவர்களுக்காகப் பாடியவர்களும் சேர்ந்து தோன்றும் முடிவுரைக் காட்சியும் திரும்பியிருக்கிறது. படத்தில் முகமற்றிருந்த குரல்களுக்கு முகம் தரும் சில நிமிடங்கள் அவை. வணிகக் கணக்கில் முதலில் தேவையற்றதாகத் தோன்றியிருக்கக்கூடிய காட்சி. அறக் கணக்கில் நீக்கியிருக்கக் கூடாதது.

இந்த முயற்சி ஆஃபன்பாக்கை மீட்கவில்லை, மீட்கவும் இயலாது. பீச்சம் நடத்தியது அவர் காலத்தில் வழங்கிவந்த பாடத்தை ஒட்டிய, இன்றைய ஆய்வாளர்கள் பலவாறு திருத்திவிட்ட இசை. அதைப் புதிய பதிப்புகளுக்கேற்ப ‘சரிசெய்ய’ எவரும் முனையவில்லை என்பதில்தான் இப்பணியின் நேர்மை இருக்கிறது. 1951இல் சில மனிதர்கள் கூடிச் செய்த ஒன்றை, அதன் பிழைகளோடும் பிடிவாதத்தோடும், அவர்கள் விரும்பிய நீளத்துக்கு இயன்றவரை அருகே கொண்டுவந்து நம் முன் வைத்திருக்கிறார்கள். வெட்டச் சொன்ன அங்கத்தில் அன்டோனியா இன்றும் பாடி இறக்கிறாள். நாம் அதைக் கேட்க முடிகிறது.